கடலில் நின்று பார்த்த மேடு

கலியாணமான புதிதில் என் தமக்கை, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டாள். பழைய இடங்களைத் தேடுகிறவர் என்று சொன்னேன். "துலைச்சது ஆராம்?" என்று கேட்டுவிட்டு அவள் குசினிக்குள் போய்ச் சிரித்தாள். எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவர் கடல் கடந்து போய், இப்போது ஒருவரும் பேசாத பழைய கிரேக்கத்தையும் லத்தீனையும் படித்து வந்தவர்.

வருசங்கள் போகப் போகத்தான் கொஞ்சம் விளங்கிற்று. வெகு காலத்துக்கு முன் மேற்கேயிருந்து வந்த கப்பற்காரர்கள் எங்கள் தீவின் கரையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கிரேக்கர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். எந்த முனைக்குப் பக்கத்தில் எந்த ஆறு விழுகிறது, எந்த வளைவில் கப்பலை நிறுத்தலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறதாம். அந்தப் பெயர்கள் இன்றைக்கு எந்த ஊர், எந்தத் துறை என்று கண்டுபிடிப்பதுதான் இவருடைய வேலை. புத்தகத்தில் படித்ததை மனதில் வைத்துக்கொண்டு மண்ணில் நடப்பார். அளப்பார், படம் கீறுவார். உடைந்த சட்டித் துண்டு கிடந்தால் எடுத்து விரலால் தடவுவார். நம்முடைய சட்டியா, வெளியிலிருந்து வந்த சாடியா என்று தடவியே சொல்லிவிடுவார்.

மற்றவர்கள் செய்யாத ஒன்றை இவர் செய்தார். அந்த எழுத்தெல்லாம் கப்பலில் நின்றவன் கண்ட காட்சி, ஆகையால் நாமும் தண்ணீரில் நின்று பார்த்தால்தான் அது பிடிபடும் என்பது இவருடைய கொள்கை. தோணி பிடித்துக் கரையோரமாகவே போவார். கூடப் படித்த ஒருவர், "இவர் கடலில் நின்று தரையை அளக்கிறவர்" என்று ஒரு கூட்டத்தில் பகிடி பண்ணினாராம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டுதான் எனக்குச் சொன்னார். ஆனால் அன்று சாப்பாட்டில் பாதியில் எழும்பிவிட்டார்.

தோணிக்காரர் கிண்ணியா ஆள். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற வழக்கப்படி நாங்களும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒருமுறை என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். உள்துறைமுகத்தில் அலையே இராது என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ஏறின கையோடு எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. கோணேசப் பெருமானை நினைத்துக்கொண்டு குனிந்தபடி கிடந்தேன். நானா வலித்துக்கொண்டே கதை கொடுத்தார்.

"மீன் பாக்க வாறவங்கள ஏத்தியிருக்கன், கப்பல் பாக்க வாறவங்களயும் ஏத்தியிருக்கன். கடலுக்கு வந்து கரையப் பாக்கிற மனிசன் நீங்க ஒராள்தான் சேர்."

"இவ ரெண்டையும் பாக்கேல்லை" என்று இவர் என்னைக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

அன்றைக்குத்தான் அந்த மேட்டைக் கண்டார். ஒரு வளைவு திரும்பியதும் கரையில் ஒரு கரும்பாறை, அதற்குப் பின்னால் நீளமாய் ஒரு மேடு, அதன் உச்சியில் ஒரு புளியமரம். இவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. பாறையும் மரமும் ஒரே கோட்டில் வரும்வரை தோணியை முன்னுக்கும் பின்னுக்கும் விடச் சொன்னார். பிறகு என் தோளைத் தொட்டு, "இஞ்ச பாரும், இதுதான்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். மாடு மேய்கிற ஒரு மேடு, அவ்வளவுதான். அவருடைய முகத்தைப் பார்த்தேன். எங்கள் முதற் பிள்ளையைக் கையில் வாங்கியபோதுகூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை.

அந்த மேடு தானாக உண்டான மேடல்ல என்று சொன்னார். வந்த கப்பற்காரர்கள் சரக்கு இறக்கிய துறை அதுதான், அவர்கள் கட்டி, இடிந்து, மேலே மேலே கட்டிய பண்டகசாலைகள்தான் அப்படி உயர்ந்து கிடக்கின்றன என்றார். ஒரு ஆள் நிற்கக்கூடிய குழி ஒன்று வெட்டினால் போதும், எல்லாம் அடுக்கடுக்காய், படை படையாய் இருக்கும் என்றார். ஆனால் அந்தக் கரை இராணுவம் தடை செய்த எல்லைக்குள் இருந்தது. தரையால் போக வழியில்லை. கொஞ்சக் காலத்தில் சண்டை முற்றி, தோணி அந்தப் பக்கம் போகவும் தடை வந்தது.

கண்டதை வைத்து எழுதினார். கடலிலிருந்து பார்த்த காட்சியைப் படமாய்க் கீறி, கிரேக்க எழுத்தோடு ஒப்பிட்டு, துறை இங்கேதான் என்று வாதித்தார். வெளிநாடுகளில் உள்ள படித்தவர்கள் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். நல்ல யோசனை, ஆனால் மண்ணுக்குள் இருந்து ஒரு அத்தாட்சியாவது வேண்டும் என்றார்கள். வேறொருவர் அந்தத் துறையைத் தீவின் வேறொரு கரையில் கொண்டுபோய் வைத்தார். அதை ஏற்றுக்கொண்டவர்கள் அதிகம். அனுமதி கேட்டு இவர் படியேறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. சண்டை முடிந்த பிறகும் ஏறினார். இன்னும் காலம் வரவில்லை என்பார்கள். கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார். பகலில் எங்கள் உப்புவெளி வீட்டில் கதிரையைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தையே விரித்து வைத்திருப்பார். பிள்ளைகள் தூர தேசம் போய்விட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மேடுதான் இருந்தது.

பிறகு இரத்தத்தில் இருந்த சீனி வருத்தம் கண்ணில் ஏறியது. முதலில் எழுத்து போனது, பிறகு படம், பிறகு என் முகம். அந்த வருசம்தான் நான் அம்மனுக்கு நேர்ந்தேன். இவர் கோயில் வாசல்வரைக்கும் வருவார், உள்ளே வந்து கும்பிடுகிற ஆளில்லை. ஆகையால் அவருக்கும் சேர்த்து நான்தான் கேட்பது. திருவிழாவன்று கற்பூரம் எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி வீதி சுற்றி வருகிறேன், அந்தத் தடை எல்லையின் வாசலை மாத்திரம் இவருக்குத் திறந்துவிடு தாயே என்று மனமுருகிக் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த திருவிழா வருவதற்கு முன்பே அனுமதி வந்தது. ஒரு காலையில் தொலைபேசியில் சொன்னார்கள். தோண்டக்கூடாது, ஒரு பகல் போய்ப் பார்க்கலாம், பார்த்த பிறகு தோண்டுவதைப் பற்றிக் கதைக்கலாம் என்றார்கள். இவர் என்னைக் கொண்டு சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போடுவித்தார். நானாவும் கூட வந்தார். தோணியை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது, அவருக்கு முழங்கால் ஏலாது. காவலில் நின்றவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நானா சிங்களத்தில் ஏதோ சொல்ல, அந்த மனிதர் சிரித்துவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கண் தெரியாத ஒராள், கால் ஏலாத ஒராள், ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு வார ஒரு அக்கா. எங்களாலயா நாட்டுக்கு ஆபத்து எண்டு கேட்டன்."

ஒரு இளம் அதிகாரி எங்களோடு வந்தார். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாறை வலக்கைப் பக்கம் வந்ததும் சொல்லும் என்றார். பாறை வந்தது, சொன்னேன். நின்று அதைத் தடவினார். "இனிச் சரிவு தொடங்கும், கையை இறுக்கிப் பிடியும்" என்றார்.

எனக்கு முன்னால் சரிவு இல்லை. பாறையிலிருந்து தூரத்துக் கம்பிவேலி வரைக்கும் சரளைக்கல் பரவிய மட்டமான தரை. வாகனச் சக்கரம் போன தடம். புளியமரம் இல்லை. நானாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் நடந்துகொண்டே இருந்தார். மேட்டில் ஏறுகிறவரைப்போல ஒவ்வொரு காலையும் உயர்த்தி உயர்த்தி வைத்தார். கொஞ்சத் தூரம் அப்படிப் போய் நின்றார்.

"கால் ஏறேல்லையே" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அதில் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

நானா அதிகாரியிடம் கேட்டுச் சொன்னார். அதிகாரி இங்கே வந்தபோதே இடம் இப்படித்தான் இருந்ததாம். முன்னொரு காலத்தில் பள்ளம் நிரப்ப மண் அள்ளினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம், எந்த வருசம், ஆர் சொல்லி என்று தெரியாதாம். நல்ல பிள்ளை அது. ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து இவரை இருத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஏச ஒரு ஆள் இருந்திருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். இவர் ஒன்றே ஒன்று கேட்டார், அள்ளிய மண்ணை எங்கே போட்டார்கள் என்று. அதிகாரி கையை நாலு பக்கமும் வீசிக் காட்டினார். இவருக்கு அது தெரியாதே, நானாதான் வாயால் சொன்னார்.

வேலி ஓரத்தில் அள்ளாமல் விட்ட மண் கொஞ்சம் குவிந்து கிடந்தது. அதில் ஒரு ஓட்டுத்துண்டு துருத்திக்கொண்டிருந்தது. ஏதாவது ஒன்றை அவருடைய கையில் கொடுக்கவேண்டும்போல இருந்தது. எடுத்துக்கொண்டுவந்து வைத்தேன். தடவினார். விளிம்பைத் தடவினார், உடைந்த பக்கத்தை நகத்தால் சுரண்டினார்.

"வெளிச்சாடி" என்றார். "அந்தக் கப்பற்காரரின்ர சாடிதான்."

எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. அப்ப நீங்கள் சொன்னது சரிதானே, இதைக் கொண்டுபோய்க் காட்டலாமே என்றேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். எத்தனையோ தரம் எனக்குச் சொல்லித் தந்ததுதான், அந்த நேரத்தில் மறந்துபோனேன். எந்தப் படையில், எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடந்தது என்று இருந்தால்தான் ஒரு துண்டு கதைக்கும். கிளறிக் கலந்த மண்ணில் கிடந்தது எங்கிருந்தும் வந்திருக்கலாம், ஆரும் கொண்டுவந்து போட்டிருக்கலாம் என்பார்கள்.

"எடுத்த இடத்திலயே வையும்" என்றார். கொண்டுபோய் வைத்தேன்.

மேடு எப்போது போனதென்று தெரியாது. இவர் கந்தோர் கந்தோராய் ஏறின காலம் முழுக்க அது இல்லாமலும் இருந்திருக்கலாம். இந்த ஒரு நினைப்பைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு படத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போடச் சொன்னார். மருந்தும் சாப்பாடும் கொடுத்தால் எடுப்பார். மற்றப்படி சுவர்ப் பக்கம் கதிரையில் இருப்பார். அதைச் சொல்லவும் எழுதவும் நான் வேறு வார்த்தை தேடவில்லை, இருக்கிறார், அவ்வளவுதான். நானா இரண்டு தரம் வந்து பகிடி விட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் வந்தபோது பேசாமல் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனார்.

திருவிழா நெருங்கியது. சட்டி எடுக்கிறதா விடுகிறதா என்று எனக்குள் ஒரே போராட்டம். இப்படி ஒரு வாசலைத் திறந்துவிட்டதற்கா நான் நெருப்பு ஏந்துவது என்று கோபம். அம்மனைக் கோபிக்கிறேனே என்று பயம். கடைசியில் அவரிடமே கேட்டேன். நேர்ந்தது என்ன வார்த்தை என்று கேட்டார், அந்தப் பழைய எழுத்துகளைப் பற்றிக் கேட்கிறதுபோலவே. சொன்னேன்.

"வாசலைத்தானே கேட்டனீர். வாசல் திறந்தது. எடுக்கத்தான் வேணும்" என்றார்.

எடுத்தேன். வேப்பிலையைக் கைக்குள் வைத்து அதன் மேல் சட்டியை ஏந்திக்கொண்டு, தேருக்குப் பின்னால் மற்றப் பெண்களோடு வீதி சுற்றினேன். கோயில் வாசலில் நின்றதும் வழக்கம்போல வாய் கேட்கத் தயாராகியது. அவருக்குக் கண்ணைக் கொடு என்று கேட்டால், கண் வந்து அவர் எதைப் பார்ப்பார். மனதை ஆற்று என்று கேட்டால், அது எந்த விதமாய் ஆறும் என்று பயமாய் இருந்தது. நெருப்பு அணையும்வரை நின்றேன். ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தேன். என் வயசுக்கு இதுதான் முதல் தடவை.

வீட்டில் அவர் அதே கதிரையில் இருந்தார். சுட்டதோ என்று கேட்டார். ஓம் என்றேன். கையைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளங்கையில் எழும்பியிருந்த கொப்புளத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.