ஐந்தைந்து நிமிஷமாய்ப் பயந்தவர்கள்

அவளுக்கு ராக்கெட் என்ற பெயர் ஒன்பது வயதில் வந்தது. வைத்தது அண்ணன், கேலிக்குத்தான் வைத்தான். அவளோ பட்டம் கிடைத்த மாதிரி அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம்தான் நாட்டிலிருந்து முதன்முதலாக ஒரு பெண் விண்வெளிக்குப் போனார். பதினோரு நாள் மேலே இருந்தார். பதினோரு நாளும் பேப்பரின் முதல் பக்கத்தில் அவர் படம்தான். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்கா கடைக்குக் கிளம்புவது போலச் சாதாரணமாய்ச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பில் இவள் விழுந்தாள். இரண்டாம் நாள் காலை அப்பாவின் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே வந்தபோது, இடுப்பு வரை தொங்கிய பின்னல் கையில் இருந்தது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஆசை ஆசையா வளத்தேனேடி! யாருடி சொல்லிக் குடுத்தா?"

"மேல போனா முடியெல்லாம் மிதக்கும்மா. கண்ணுல விழும்."

"நீ எங்கடி மேல போற? துணி எடுக்க மாடிக்குப் போகச் சொன்னா ஆயிரம் சாக்கு சொல்றவ!"

அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வீட்டில் எதற்குக் குறை இருந்தாலும் அட்டைப்பெட்டிக்குக் குறை இருந்ததில்லை. ஆளுயரப் பெட்டி ஒன்றைப் படுக்கப்போட்டு, அதற்குள் புகுந்துகொண்டு, ராத்திரி வரை வெளியே வரமாட்டேன் என்று அவள் அறிவித்தபோது அப்பா திட்டவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து பெட்டியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டார். "மூச்சு விடணுமில்ல" என்றார். அண்ணன் ஒரு ஓட்டையில் வாயை வைத்து, "பூமியிலேருந்து பேசறோம் ராக்கெட்டு. கணக்கு வீட்டுப்பாடம் எழுதிட்டியா? ஓவர்" என்றான். மூன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்தாள். பாத்ரூம் அவசரம்தான் அவளைத் தரையிறக்கியது.

இதெல்லாம் வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சரியாகவில்லை. விண்வெளிக்குப் போன அந்த வீராங்கனை முதலில் விமானம் ஓட்டியவர் என்பதால், பதினேழு வயதில் இவளும் விமானிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். ஓட்டத்திலும் தேறினாள். கடைசியாக மருத்துவப் பரிசோதனை. சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டார்கள். ஆறாவது சுற்றில், காலையில் சாப்பிட்டதெல்லாம் டாக்டரின் பளபள ஷூ மேல் வந்து விழுந்தது. உள்காதில் பிறவிக் கோளாறாம். உடம்புக்குச் சமநிலை தங்காதாம். டாக்டர் நல்ல மனுஷர். ஷூவைத் துடைத்துக்கொண்டே, "பஸ்ல ஜன்னலோரமா உட்காந்துக்கோம்மா. மத்தபடி உடம்புக்கு ஒரு குறையும் இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்தவள் சரியாகச் சாப்பிடவில்லை. பேப்பரிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்த வீராங்கனையின் படத்தைக் கிழியாமல் எடுத்து, கட்டிலுக்கடியில் தள்ளினாள். நான்காம் நாள் பெருக்கும்போது அம்மா கையில் அது அகப்பட்டது. தூசியை முந்தானையால் துடைத்து, மகளுடைய அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள்.

"ஏம்மா ஒட்டின?"

"உனக்கு உன் காது மேல கோபம். அந்தப் பொண்ணு உன்னை என்ன பண்ணிச்சு?"

அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாக அழுகை வந்தது. அழுது முடித்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அப்புறம் கிடைத்ததைப் படித்தாள். யாரோ ஸ்கேன் எடுக்கும் படிப்பில் இடம் இருக்கிறது என்றார்கள், போய்ச் சேர்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எம்.ஆர்.ஐ. பிரிவில் வேலை கிடைத்தது. நோயாளியைப் படுக்கவைத்து, தலைக்கு மேல் கூண்டு போன்ற மூடியை மாட்டி, அந்த நீளக் குழாய்க்குள் தள்ளிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானை அழுத்த வேண்டும். உள்ளே மெஷின் கல்லுடைக்கிற மாதிரி சத்தம் போடும். முதல் ஐந்தாறு வருஷம் அவள் மைக்கில் சொன்னது ஒரே வார்த்தைதான்: "ஆடாதீங்க." நோயாளிகள் ஆடினார்கள். படம் கலங்கியது. அவள் எரிந்து விழுந்தாள்.

ஒருநாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில், ரேடியோவில் அந்த வீராங்கனையின் பேட்டி. ஓய்வுபெற்றுவிட்டவர். குரலில் வயசு தெரிந்தது. பேட்டி எடுத்தவர், "உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டார்.

"பயமில்லாம என்ன! கதவைச் சாத்தினதும் வேர்த்துக் கொட்டிடுச்சு. பதினோரு நாளையும் ஒண்ணா நினைச்சா செத்தே போயிருப்பேன். அதனால அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும் பயந்தேன். அது முடிஞ்சதும் அடுத்த அஞ்சு நிமிஷம். கீழேருந்து ஒருத்தர் நேரம் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

பஸ் அவளுடைய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டது. திரும்பி நடந்தே வந்தாள். அன்றைக்கு முதல் நோயாளியிடமே பேச்சு மாறியது. "இப்ப வர்ற சத்தம் நாலு நிமிஷம். நான் இங்கதான் இருக்கேன். இப்ப பாதி முடிஞ்சுது. இன்னும் ஒரு நிமிஷம்." அவ்வளவுதான் செய்தாள். ஆனால் கலங்கிய படங்கள் குறைந்தன. எந்த நோயாளி முரண்டு பிடித்தாலும், "ஸ்கேன் அக்காவைக் கூப்பிடு" என்பது ஆஸ்பத்திரியில் வழக்கமாகிப்போனது. இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாற்பது தாண்டியவள் இன்னும் சின்ன வயசுப் படத்தை அலமாரிக்குள் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் சிரிப்பார்களே.

அவளுடைய நாற்பத்தேழாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காத்திருப்போர் அறையில் இருந்த டிவியில் செய்தி ஓடியது. வீராங்கனை தூக்கத்திலேயே காலமானார். திரையில் அதே படம், அதே சிரிப்பு. அவள் கையில் அன்றைய பட்டியல். பதினான்கு பேர். நின்று பார்க்கக்கூட நேரமில்லை. முதல் நோயாளி வாசலிலேயே தகராறு செய்துகொண்டிருந்தார்.

அவர் ஒரு லாரி டிரைவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. இரண்டு மாதமாகத் தலைவலி. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை வந்து, குழாயைப் பார்த்ததும் ஓடிப்போனவர்.

"லிஃப்ட்ல கூட ஏற மாட்டாருங்க" என்றாள் அவர் மனைவி. "ஏழு மாடின்னாலும் நடந்துதான் வருவாரு."

"வெளியூரு லோடு ஏத்திக்கிட்டுத் தனியா ஆயிரம் கிலோமீட்டர் போவேன். அதுக்கெல்லாம் பயமில்ல" என்றார் டிரைவர். "இது உள்ள போனா கையக் கால நீட்ட முடியாதே!"

அவளுக்கு அன்றைக்குச் சமாதானம் சொல்லத் தெம்பில்லை. மனசில் இருந்ததே வாயில் வந்துவிட்டது. "அண்ணே, இதைவிடச் சின்ன இடத்துல ஒருத்தங்க பதினோரு நாள் இருந்தாங்க. எனக்கு ஒன்பது வயசுலேருந்து அவங்கன்னா உயிரு." வீராங்கனையைப் பற்றிச் சொன்னாள். அட்டைப்பெட்டியைச் சொன்னாள். டாக்டர் ஷூவைச் சொன்னபோது டிரைவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். ஐந்து நிமிஷக் கதையைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"அப்போ மொத்தமா பயப்படக்கூடாது, சில்லறையா பயப்படணும்ங்கறீங்க."

"அஞ்சு சத்தம். ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம். முடியலைன்னா கையில இருக்கிற இந்த ரப்பர் பந்தை அமுக்குங்க. ஓடி வந்துடுவேன்."

படுத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஹெட்ஃபோனும் மூடியும் மாட்டினாள். முதல் சத்தம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது தொடங்கும் முன் பந்தை அமுக்கினார். அவள் மைக்கை அழுத்தினாள். "சொல்லுங்கண்ணே."

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க? போய்ப் பாத்தீங்களா ஒரு தடவையாவது?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். "இல்லண்ணே. இன்னைக்குக் காலையில..." முப்பத்தெட்டு வருஷமும் ஒன்றாகத் திரண்டு அழுகையாய் வந்தது. மைக் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துபோனாள். அவள் அழுத சத்தம் முழுதும் டிரைவரின் ஹெட்ஃபோனுக்குள் போய்விட்டது.

பிறகு குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. பயமெல்லாம் போய், வீட்டுப் பெரிய ஆள் பேசுகிற குரல்.

"தங்கச்சி, அழாதம்மா. அவங்க நிறைவா வாழ்ந்துட்டுத்தான் போயிருக்காங்க. நீ கண்ணைத் தொடைச்சிக்கிட்டு வேலையப் பாரு. நான் ஆடாம படுத்திருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மூணாவது சத்தம், அஞ்சு நிமிஷம்" என்றாள். மீதி மூன்றுக்கும் மனுஷர் மரக்கட்டை போலக் கிடந்தார். வெளியே வந்ததும் முதல் வேலையாக மனைவியிடம் போய், "உள்ள பாவம் ஒரு பொண்ணு அழுவுது, ஏதாவது குடிக்க வாங்கிட்டு வா" என்றார். அந்தம்மா ஒன்றும் புரியாமல் ஒரு டீயும் ஒரு பன்னும் வாங்கிவந்து நீட்டினாள்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். இப்போது அவனுக்கே பேத்தி இருக்கிறாள்.

"ராக்கெட்டு, செய்தி பாத்தியா? அழுதியா?"

"அழுதேன். ஒரு லாரி டிரைவர் ஆறுதல் சொன்னாரு."

"எது?" என்றான் அண்ணன். அவள் முழுக் கதையையும் சொல்லவேண்டியதாயிற்று. கேட்டு முடித்து, "படம் இன்னும் வெச்சிருக்கியா?" என்றான். "வெச்சிருக்கேன்" என்றாள்.

ஸ்கேன் படத்தில் டாக்டர்கள் பார்த்தது, டிரைவரின் கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்த ஒரு சின்னக் கட்டி. கெட்ட கட்டி இல்லை. இன்னும் ஆறு மாதம் ஓடிப்போய் ஒளிந்திருந்தால் பார்வை போயிருக்கும் என்றார்கள். ஆபரேஷன் முடிந்தது, ஐந்து மாதத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டார்.

அவள் செய்த காரியம் ஒன்று உண்டு. பிரிவின் தலைமை டாக்டரிடம் போய், "பயந்து ஓடறவங்களை எனக்கு ஒருநாள் முன்னாடியே அனுப்புங்க டாக்டர்" என்று கேட்டாள். வியாழக்கிழமைகளில் மதியம் ஒரு மணி நேரம் மெஷினை ஓட்டாமல் விட அவர் சம்மதித்தார். அந்த ஒரு மணி நேரத்தில் பயந்தவர்கள் வருவார்கள். சிலர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். சிலர் மெஷினின் படுக்கை மேஜை மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். யாரையும் அவள் அவசரப்படுத்துவதில்லை.

போன வியாழன் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கால் நுனியில் நடந்து வந்து, குழாயை உள்ளே எட்டிப் பார்த்தார். படுத்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டதற்குத் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். பத்து நிமிஷம் கழித்து, தானே செருப்பைக் கழற்றிவிட்டு மேஜையில் ஏறிப் படுத்தார்.

இறங்கும்போது கேட்டார்: "நாளைக்கும் நீங்கதானே இருப்பீங்க?"

"நான்தான் டீச்சர். எட்டு மணிக்கே வந்துடுவேன்."