மஞ்சள் பல்பு மாப்பிள்ளை

இருபத்திரண்டு வருஷமாகச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறேன். நான் அடித்த வெள்ளையை ஒருத்தராவது வெள்ளையாகப் பார்த்ததுண்டா? கிடையாது. காரணம் என் தங்கை புருஷன். நான் பிரஷ்ஷைக் கழுவுமுன்னே வந்து மஞ்சள் பல்பை மாட்டிவிடுவார். அப்புறம் வீட்டுக்காரர் என்னிடம், "என்னய்யா, வெண்ணெய் கலர்ல அடிச்சிருக்க?" என்பார்.

மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன். எல்லாரும் 'பல்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். டெஸ்டர் பையில் இல்லாமல் போட்டோவுக்குக்கூட நிற்கமாட்டார். தங்கையைத் திட்டுவதென்றால் லைட்டை அணைத்துவிட்டுத்தான் திட்டுவார். முகத்தைப் பார்த்தால் திட்டு வராதாம்.

அவருக்கும் என்மேல் ஆத்திரம் உண்டு. அவர் மாட்டும் சுவிட்சுமேல் நான் பெயிண்டை அப்பிவிடுகிறேனாம், காய்ந்தபின் அது அசையாதாம். "மச்சான், அது கையா தும்பிக்கையா?" என்பார்.

எங்கள் இருவரையும் ஒரு கண்ணாடி ஆபீஸில் கூப்பிட்டார்கள். மேனேஜருக்கு ஒரே ஆசை: அவர் எல்லாரையும் பார்க்கணும், அவரை யாரும் பார்க்கக்கூடாது. முடித்துக்கொடுத்தால் மேலே மூன்று மாடி வயரிங்கும் பல்புக்கே. வியாழக்கிழமை முதலாளி வந்து பார்த்து முடிவு சொல்வார்.

"இருட்டுல இருக்கறவன் வெளிச்சத்துல இருக்கறவனப் பாப்பான் சார். அவ்வளவுதான் சூத்திரம்," என்றார் பல்பு. மேனேஜர் அறைக்கும் ஹாலுக்கும் நடுவிலிருந்த கண்ணாடிச் சுவருக்குப் பளபளவென்று ஃபிலிம் ஒட்டினார். மேனேஜர் அறைக்குக் காப்பிப்பொடி நிறமும் ஹாலுக்கு வெள்ளையும் அடித்தேன். வெளியே நின்று பார்த்தால் நம் மூஞ்சிதான் தெரிந்தது.

ஆனால் ஹாலுக்கு எந்த பல்பைப் போட்டார்? அதே மங்கல் மஞ்சள்தான். பழக்கதோஷம்.

இருட்டில் மேஜைக்காலில் மூன்று தடவை முட்டிக்கொண்ட மேனேஜர், தன் அறைக்கு ஒரு வெள்ளை ட்யூப்லைட் கேட்டு வாங்கிக்கொண்டார். புதன்கிழமை காலை அதைப் போட்டார். சூத்திரம் தலைகீழானது. உள்ளே அவருக்கு அவர் முகமே தெரிந்தது. வெளியே ஹாலில் வேலைபார்க்கும் பதினேழு பேருக்கும் அவர் தெரிந்தார்.

பாவம், அது அவருக்குத் தெரியாது. புருவத்தைச் சீவினார். தொப்பையை உள்ளே இழுத்து, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தார். முதலாளியைப் பார்த்துச் சிரிக்க ஆறு விதமாகப் பழகினார்.

"மேடம், சொல்லிடாதீங்க," என்று டைப்பிஸ்ட் அம்மாவிடம் கெஞ்சினார் பல்பு.

"நாங்க ஏன் சொல்றோம்? இத்தன நாள் அவரு எங்களப் பாத்தாரு. இப்ப நாங்க பாக்கறோம். சரிக்குச் சரி!"

நாளைக்கு முதலாளி ஹாலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தால் மூன்று மாடியும் போச்சு.

"ஹாலுக்கு வெள்ளை பல்பு போட்டாத் தீந்துது மாப்பிள்ளே," என்றேன். ஆசை எனக்கு இருக்காதா?

"உங்க சுவத்துக்கா? நான் செத்தாலும் போடமாட்டேன்."

"அப்ப ட்யூபையாவது கழட்டுங்க."

பல்பு என்னை ஓரமாக இழுத்துப்போனார். இந்த ஜென்மத்தில் முதல் தடவையாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கழட்டினா ஏன்னு கேப்பாங்க மச்சான். நீங்க அப்பினா எவனும் கேக்கமாட்டான், பெயிண்டர்தானேன்னு விட்டுடுவான். அவரு சாப்பிடப் போறப்ப லைட்ட அணைச்சிட்டுத்தான் போவாரு. அந்தச் சுவிட்சு மேல ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிங்க. அசையவே கூடாது."