ரஹ்மத்துல்லா இழுத்த ஒயர்

மாமல்லபுரம் கடைவீதியில் ரஹ்மத்துல்லா பதினான்கு வருடம் பேட்டரி சார்ஜ் செய்தார். லாரி பேட்டரி, டிராக்டர் பேட்டரி, கல்யாண மைக்செட் பேட்டரி, எல்லாம் அவரிடம்தான் வரும். மீட்டரை அவர் தொட்டதில்லை. மூடியைத் திறந்து காதை வைப்பார். உள்ளே ஆசிட் உலைபோலச் சலசலத்தால் சார்ஜ் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

1978இல் சென்னைக் கல்லூரி ஒன்று, கரண்ட் எட்டாத பக்கத்துக் குப்பத்தில் சோதனைக்காகச் சூரியத் தகடு ஒன்றை வைத்தது. பகலில் அது பேட்டரியை நிரப்பும். மாலையில் ஊர் ரேடியோ அந்தப் பேட்டரியில் ஓடும், மீனவர்கள் கடல் வானிலை கேட்பார்கள். நடுவில் ரெகுலேட்டர் என்று ஒரு தகரப் பெட்டி. பேட்டரி பதினாலரை வோல்ட்டைத் தொட்டால் தகட்டின் இணைப்பை வெட்டிவிடும். பதினொன்றுக்குக் கீழே இறங்கினால் ரேடியோவை வெட்டிவிடும். பழுது பார்க்க ரஹ்மத்துல்லாவை வைத்தார்கள். வாராவாரம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் அறைச் சாவியும் மீன் விற்கும் தனக்கோடியிடம் இருந்தன.

கார்த்திகை மழையில் வெயிலே இல்லை. வானிலை சொல்லும்போதே ரேடியோ அடங்கியது.

"இன்னா பாய், உன் சூரியன் நியூஸுக்கு முன்னாடியே வூட்டுக்குப் பூடுது" என்றார் குப்பத்துத் தலைவர் சிங்காரம், கடைவீதியில் நாலு பேர் நடுவில்.

ரஹ்மத்துல்லா போய்க் காதை வைத்தார். கொதி இல்லை. கொதிக்க விடாத பெட்டிமேல்தான் குற்றம் என்று முடிவு கட்டி, தகட்டிலிருந்து பேட்டரிக்கு நேராக ஒரு ஒயர் இழுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. தை பிறந்து வெயில் வந்தது, ரேடியோ நிற்காமல் ஓடியது. நல்ல பேர் அவருக்குக் கிடைத்தது.

சித்திரையில் பேட்டரி செத்தது. திறந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கடையில் கொதி வந்ததும் ஒயரைக் கழற்ற அவர் இருந்தார்; இங்கே அந்த வேலையைப் பெட்டி செய்துகொண்டிருந்தது. பெட்டியைத் தாண்டிவிட்டதால் பேட்டரி பகல் முழுக்கக் கொதித்து, வாராவாரம் ஊற்றிய தண்ணீரும் போதாமல் வற்றி, உள்ளே பிளேட்டெல்லாம் நெளிந்து கிடந்தது. கல்லூரி இன்ஜினீயர் சதாசிவம் வருவதற்குள் ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

தண்ணீர் ஊற்றுவது யார் என்றுதான் சதாசிவம் கேட்டார். எல்லோரும் தனக்கோடியைப் பார்த்தார்கள். வாரம் தவறாமல் ஊற்றினேன் என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"நீ சொல்லு பாய். நான் ஊத்துனனா, இல்லியா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரஹ்மத்துல்லா.

சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். தனக்கோடி ஏலத்தில் மீன் எடுக்கப் போனால், பேட்டரிக்கே தண்ணி காட்டினவள் வருகிறாள் என்று சிரித்தார்கள். அவள் கூடை வைக்கும் தெருவை விட்டுவிட்டு ரஹ்மத்துல்லா சுற்றுவழியில் கடைக்குப் போனார்.

ஆடியில் புது பேட்டரி வந்தது. கூட்டத்தில் சிங்காரம், இனி நம்பிக்கையான ஆளிடம் இருக்கட்டும் என்று சாவியை ரஹ்மத்துல்லாவிடம் நீட்டினார். அவருக்குக் கை நீளவில்லை. ஓரத்தில் தனக்கோடி நின்றிருந்தாள்.

"அந்தம்மா ஊத்துனாங்க. நான்தான் கொதிக்க வச்சே கொன்னுட்டேன்" என்றார். ஒயர் இழுத்ததையும் மறைத்ததையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். யாரோ காறித் துப்பினார்கள்.

தனக்கோடி வந்து சாவியை வாங்கி முந்தானையில் முடிந்தாள்.

"இனிமே நான் தண்ணி ஊத்துறப்ப நீ வந்து நில்லு பாய். ஊத்துனேன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆளு வோணும்."

வாராவாரம் கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் வந்து நின்றார். அவள் ஊற்றியதும் வெளியே வந்து, வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களிடம் "ஊத்துனாங்க" என்பார். முதல் சில வாரம் குரலே எழும்பவில்லை. அவள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.