கருவாட்டுப் பாயில் காய்ந்த ஸ்வெட்டர்

கொள்ளுப்பேத்தியின் கைப்பின்னல் ஸ்வெட்டரை மெஷினில் போடவிடாமல் நேற்று நானே அலசினேன். குளிர்ந்த நீர், கொஞ்சம் பூந்திக்கொட்டை நுரை. முறுக்கக் கூடாது, கொடியில் தொங்கவிடக் கூடாது, நிழலில் சமமாகப் பரப்ப வேண்டும். வீட்டில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதை எவரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஈரக் கம்பளி வாடை மூக்கில் ஏறியதும் பெருமை அடங்கி, அம்மாவின் நினைவு வந்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். தூத்துக்குடி வெயிலில் கம்பளிக்கு என்ன வேலை? அப்பா கப்பல்காரர், குளிர்தேசங்களுக்குப் போகிறவர். அம்மா அவருக்காகப் பின்னிய முதல் ஸ்வெட்டர், வெந்நீரில் துவைத்ததில் சிறுமியான எனக்கே பற்றாமல் சுருங்கிப்போனது. இரண்டாவதை என் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீ சொன்ன முறைப்படி அலசினாள். மறுநாள் கப்பல். சமமாகப் பரப்ப எங்கள் வீட்டில் இருந்தது, கருவாடு காயப்போடும் பாய் ஒன்றுதான்.

காலையில் அப்பா மோந்து பார்த்தார். “ஏளா, இதப் போட்டுட்டுப் போனா துறைமுகத்துப் பூனையெல்லாம் பின்னால வருமே!”

“சுருங்கிச்சா?”

“சுருங்கல.”

“அப்பம் பேசாம போடுங்க.”

சில மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன்: “இங்கே கடுங்குளிர். ஸ்வெட்டர் கச்சிதமாக இருக்கிறது. கப்பலில் என் அறையில் தங்கியிருந்த மூன்று பேரும் வேறு அறைக்கு மாறிவிட்டார்கள்.”

அம்மா இரண்டாவது வரியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னாள்.