மஞ்சள் பொட்டுக் குளவி

ஜன்னலின் மேல்விளிம்பில் தொங்கும் குளவிக் கூட்டுக்கு அடியில் பல் மருத்துவர் வைத்திருப்பதுபோன்ற குட்டிக் கண்ணாடியை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறார் குளவியக்கா. "பதினொண்ணு. நேத்தைவிட ஒண்ணு கூட." முட்டைக் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் என் பக்கம் திரும்புவார். "என்ன, சாப்ட்டாச்சா?"

விலங்கியல் துறையில் அவர் தற்காலிக உதவியாளர். நான் பக்கத்து அறைத் தட்டச்சர்; குளவி என்றாலே எனக்குக் குலைநடுக்கம். அவரோ கொட்டு வாங்கி வீங்கிய விரலை ஊதிக்கொண்டே சிரிப்பார். "நாமதானே அவ வீட்டுக்குள்ள மூக்க நுழைச்சோம். கொட்டாம கொஞ்சவா செய்வா?"

இந்த ஜன்னல் குளவி ஒண்டியாய் வந்தவள். வெயிலில் நரைத்த மரச்சட்டத்தைச் சுரண்டி, மென்று கூழாக்கி, முதலில் ஒரு காம்பு கட்டினாள். பிறகு அதில் கீழ்நோக்கித் திறந்த காகித அறைகள். அறைக்கு ஒரு முட்டை. வெளியே போகுமுன் வயிற்றைக் காம்பில் தேய்த்துவிட்டுப் போவாள். அந்த வாடைக்கு எறும்பு அண்டாதாம். "நான்கூட வீட்டப் பூட்ட மறந்திருக்கேன், இவ மறந்ததே இல்ல" என்பார் அக்கா.

அடையாளத்துக்கு அவள் முதுகில் மஞ்சள் நகப்பூச்சால் பொட்டு வைத்ததும் அக்காதான். முதல் அறையிலிருந்து முதல் மகள் வெளிவரும்வரை ஒரே தாயைப் பற்றிய குறிப்பு ஆய்வு மாணவிக்கு வேண்டும். மற்ற கூடுகளெல்லாம் மழைக்கும் பறவைக்கும் போய்விட, மிஞ்சியது இது ஒன்றுதான். இந்த வேலையைப் பார்த்துத்தான் அக்காவை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மாதக் கடைசியில் பேராசிரியை முடிவெடுப்பார்.

போன வாரம் பொட்டில்லாத குளவி ஒன்று கூட்டில் உட்கார்ந்திருந்தது. பூச்சு உதிர்ந்துவிட்டது என்று நினைத்து அக்கா மறுபடி பொட்டு வைத்தார். இன்று காலை அது ஓர் அறைக்குள் தலையை விட்டு முட்டையைத் தின்றது. சற்று நேரத்தில் அதே அறையில் தன் முட்டையை இட்டது. அக்காவுக்குச் சுருக்கென்றது. முதன்முதலில் பொட்டு வைத்த அன்று வரைந்த படத்தைப் புரட்டினார். பழையவளின் இடது இறக்கை நுனி கிழிந்திருந்தது. இவளுக்கு இரண்டும் முழுசு.

"இது வேற ஒருத்தி. வீட்டுக்காரியத் துரத்திட்டு உள்ள வந்து உக்காந்திருக்கா. நான் அவளுக்குப் பொட்டு வேற வெச்சு விட்டிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"யாருக்குத் தெரியப் போகுது? பேசாம விட்டுடுங்கக்கா" என்றேன். சொன்னது தப்புதான். ஆனால் அவர் போய்விட்டால் என்னிடம் 'சாப்ட்டாச்சா' என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

"அந்த ஆராய்ச்சிப் பொண்ணு இத நம்பித்தானே எழுதும்" என்றார்.

அளவுகோலை வைத்து, இரண்டாவது பொட்டு வைத்த நாள் முதலான ஆறு நாள் பக்கங்களிலும் குறுக்கே கோடு போட்டார். 'வேறு குளவி. தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மை காய ஒருமுறை ஊதினார். பிறகு பேராசிரியையின் அறைக்குப் போய், குறிப்பேட்டை மூடாமல், அந்தப் பக்கம் மேலே தெரியும்படி மேசை நடுவில் வைத்தார்.