மாமனாருக்குக் கிடைத்த இங்கிலீஷ் சொல்

ரவுடி என்ற சொல் இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் நாமக்கல் பக்கம் பெண் எடுத்த காலத்தில் அந்த ஊரில் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர் என் மாமனார்.

யுத்த சமயம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. சேலத்திலிருந்து நானும் மாமாவும் திரும்பிக்கொண்டிருந்தோம். ராசிபுரம் தாண்டி ஒரு மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது நிறைமாதப் பெண் ஒருத்தி புருஷனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வலி கண்டுவிட்டது, நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றான் அவன். இடமில்லை என்று கண்டக்டர் கதவைச் சாத்திவிட்டார்.

மாமா இறங்கிப் போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். சோளக்காட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு.

"அந்தப் புள்ளைய ஏத்தாம வண்டி நகராதுங்க."

டிரைவர் ஹாரனை அடித்துப் பார்த்தார். முன்சீட்டில் இருந்த தொப்பிக்கார அதிகாரி ஒருவர் வெளியே தலையை நீட்டி, "ரவுடி" என்று சீறினார். மாமா அசையவில்லை. கடைசியில் எங்கள் இடத்தில் அவர்களை உட்காரவைத்துவிட்டு, நாங்கள் கூரைமேல் மூட்டைகளோடு வந்தோம். அன்று சாயந்திரமே அவளுக்குச் சுகப்பிரசவம் ஆனதாகப் பின்னால் தெரிந்தது.

கூரைமேல் மாமா மெதுவாகக் கேட்டார். "அந்தத் தொப்பிக்காரர் என்னைய என்னமோ சொன்னாருங்களே மாப்ளை. அதுக்கு என்னங்க அர்த்தம்?"

வசவு என்று எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. பார்த்துச் சொல்வதாகச் சமாளித்தேன். மறந்துவிடுவார் என்று நினைத்தால், பார்க்கும்போதெல்லாம் விசாரித்தார்.

சேலத்தில் என்னோடு படித்த ராவுத்தர் வீட்டுச் சிநேகிதனின் ஜவுளிக்கடையில் பெரிய அகராதி ஒன்று இருந்தது. இருவரும் புரட்டினோம். கூச்சல் போட்டு ரகளை செய்கிறவன் என்று முதலில் இருந்தது. சண்டையைக் குறிக்கும் சின்ன இங்கிலீஷ் சொல் ஒன்றிலிருந்து பிறந்திருக்கலாம், நிச்சயமில்லை என்றும் போட்டிருந்தது. அதற்கும் கீழே, ஆரம்பத்தில் அமெரிக்காவில் காட்டைத் திருத்திக் குடியேறிய முரட்டு ஆட்களை அப்படி அழைத்தார்கள் என்றிருந்தது. சிநேகிதன் சிரித்தான். "இதையும் சேத்தே சொல்லு. பெரியவர் மனசு குளுந்துரும்."

அடுத்த முறை போனபோது, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"காட்டத் திருத்தி ஊடு கட்டுனவிகன்னா, அது நாமதானுங்களே மாப்ளை. எங்க பாட்டன் முள்ளு வெட்டாத எடமா இது?"

அத்தை மோர்ச் செம்போடு வந்தவர் அப்படியே நின்றார். "காடு கெடக்கட்டுமுங்க. மொதல்ல சொன்னீங்களே, சத்தம் போடறவிகன்னு. அதுதானுங்க இவருக்குப் பொருத்தம்."

மாமா உரக்கச் சிரித்தார். தொழுவத்தில் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. எனக்கும் மனப்பாரம் இறங்கிவிட்டது. அன்று இன்னொரு பிடி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.