சிமெண்டுத் தரையில் சிந்திய எண்ணெய்

எலும்பில் பரவிய புற்றுநோயால் நான் இரவு பகலாகக் கதறுவது என் கணவருக்குத் தெரியும். ஆனால் கஞ்சா என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வெறி வந்துவிடும். என் கொழுந்தன் அதைப் புகைத்துத்தான் புத்தி பேதலித்துச் செத்தான். அதனால் ஆயுர்வேத மருத்துவர் சீட்டெழுதிக் கொடுத்த கஞ்சா இலை எண்ணெயை, முறைப்படி கிடைக்கிற மருந்துதான் என்றாலும், அவருக்குத் தெரியாமல் வரவழைத்தேன்.

பாபநாசத்திலிருந்து கூரியர்காரர் வந்தபோது கணவர் வாசலில் நின்றிருந்தார். பெட்டியைப் பிரித்தார். புட்டியில் அந்த இலையின் படம். மண்வெட்டிக் காம்பால் கூரியர்காரரின் வாயிலேயே அடித்தார். விழுந்தவரை, "என் வீட்டுக்கே கொண்டாந்து விக்கிறியாடா" என்று உதைத்தார்.

"அது எனக்கு வந்த மருந்துங்க" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. நெல் காயப்போடும் சிமெண்டுத் தரையில் புட்டியை ஓங்கி எறிந்தார்.

நான் தவழ்ந்து போய், கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே எண்ணெயை விரலால் வழித்து, ரத்தத்தோடு நக்கினேன். கணவரின் கையிலிருந்து காம்பு நழுவியது.

என் கையைப் பிடித்துத் தடுத்தவர் கூரியர்காரர்தான். வாயில் ரத்தம் ஒழுக, "வேணாம்மா, கண்ணாடி இருக்கு. வர்ற வழியில ஒடஞ்சிடுச்சுன்னு எழுதிடுறேன். வேற அனுப்புவாங்க" என்றார்.

அடுத்த வாரம் அவரே வந்தார். தையல் போட்ட உதட்டோடு புட்டியை என் கையில் கொடுத்தார். கணவர் தலைகுனிந்து மோர் நீட்டினார். கூரியர்காரர் வாங்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

இப்போது வேளை தவறாமல் என் நாக்கில் சொட்டு விடுவது கணவர்தான். வாய் திறக்கும்போதெல்லாம் அந்த உதடு ஞாபகம் வருகிறது. மோரை மறுத்துவிட்டுப் போனாரே, அதற்காகவும் அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது.